ஆறு மீற்றர் உயரம், ஒரு முட்டை: வன்னி வகுப்பறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

முட்டை உடையாமல் தரைக்கு வந்தால் வெற்றி, உடைந்தால் தோல்வி. முட்டை விழுத்தும் போட்டி எங்கே நடந்தாலும் விதி இதுதான். எங்கள் உயர்தரப் பௌதிகவியல் வகுப்பில் அந்த விதியைப் பின்னுக்குத் தள்ளினோம். நூறு புள்ளியில் பத்து மட்டும் முட்டைக்கு. மிச்சத் தொண்ணூறும், விழுத்துவதற்கு முன் எழுதிய கணிப்புக்கும் விழுத்திய பின் எழுதிய விளக்கத்துக்கும். அதனால் என்ன நடந்தது, யார் கோபித்தார்கள், எது பிடிபட்டது என்பதை விவரமாக எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிறவர்கள் எடுத்துப் பாவிக்கலாம், மாற்றலாம், மறுக்கலாம்.

பின்னணி

பாடசாலை ஏ9 வீதியிலிருந்து கிழக்கே உள்ளே போகும் ஊரொன்றில் இருக்கிறது. ஒரு பக்கம் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல், மறுபக்கம் வடலி. கணிதப் பிரிவுப் பிள்ளைகளும் உயிரியல் பிரிவுப் பிள்ளைகளும் பௌதிகவியலுக்கு ஒரே வகுப்பில்தான் இருப்பார்கள். இது சின்ன விசயம் இல்லை. கணிதப் பிரிவுக்காரர் கணத்தாக்கை (விசையையும் அது தாக்கும் நேரத்தையும் பெருக்கி வருவது) இணைந்த கணிதத்திலும் படிக்கிறார்கள். உயிரியல்காரருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே விசையும் இயக்கமும் வரும் பொறியியல் அலகு வந்தவுடன் வகுப்பின் ஒரு பாதி முன்னுக்குச் சாய்ந்து உட்காரும், மறுபாதி குனிந்து கொப்பியில் பூப்போடும்.

"கிரிக்கெட் பந்தைப் பிடிக்கேக்கை கையை ஏன் பின்னுக்கு இழுக்கிறம்?" என்று கேட்டால் இரண்டு பாதியும் ஒரே குரலில் சொல்லும்: "நேரம் கூடும் சேர், விசை குறையும்." சரியான விடை. எவ்வளவு குறையும் என்று கேட்டால் சத்தமில்லை. பரீட்சைக்கு அந்த ஒற்றை வரி போதும் என்பதால் அதற்கு அங்கால் யாரும் போவதில்லை.

முட்டையைத் தெரிவு செய்ததற்குக் காரணம் அதுதான். எவ்வளவு என்ற கேள்விக்கு முட்டை உடைந்தோ உடையாமலோ விடை சொல்லிவிடும். வீட்டில் எதிர்ப்பு வந்தது. ஒரு தாய் படலையடியில் மறித்துக் கேட்டார்: "சாப்பிடுற சாமானை மேலையிருந்து எறிஞ்சு விளையாடுறதோ சேர்?" நியாயமான கேள்வி. 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்குப் போன நாடு இது. எத்தனையோ வீடுகளில் முட்டை கணக்குப் பார்த்துத்தான் அடுப்புக்குப் போகிறது. ஆகவே இரண்டு ஏற்பாடு செய்தோம். ஒவ்வொரு முட்டையும் சுத்தமான மெல்லிய பொலித்தீன் பைக்குள் கட்டியே பொதிக்குள் போகும். ஒத்திகைக்கு முட்டையே கிடையாது. அதே திணிவில் உருட்டிய குளத்துக் களிமண்தான். உடைந்த முட்டைகள் வீண் போகவில்லை. ஓடு பொறுக்கி, வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப்போட்டு, மத்தியானம் பொரித்துச் சாப்பிட்டார்கள்.

களிமண் உருண்டையை வசதிக்காகத்தான் எடுத்தோம், அது ஒரு கருவியாகவே மாறிவிட்டது. விழுந்த உருண்டையில் அடிபட்ட பக்கம் தட்டையாகும். அந்தத் தட்டையின் விட்டத்தை அளவுகோலால் அளந்தால், எந்தப் பொதி மெதுவாக நிறுத்தியது, எது அறைந்து நிறுத்தியது என்று ஒப்பிடலாம். செலவு ஒன்றுமில்லை, குளம் பக்கத்தில்.

விதிகளும் ஒரு சமன்பாடும்

மேல்மாடிச் சுவர் விளிம்பிலிருந்து கீழே சீமெந்து நிலம் வரை ஆறு மீற்றர், மேசனின் ரேப்பால் அளந்தது. பொதி முட்டையோடு சேர்த்து 500 கிராமுக்கு மேல் போகக்கூடாது. வீட்டிலும் வளவிலும் கிடைப்பதை மட்டும் பாவிக்கலாம். நூலும் செலோரேப்பும் மட்டும் இதற்கு விதிவிலக்கு. கண்ணாடி கூடாது. நிலத்தில் கீறிய இரண்டு மீற்றர் ஆரை வட்டத்துக்குள் விழ வேண்டும்.

வேகத்தில் யாருக்கும் கஷ்டமில்லை. g ஐ 10 என்று எடுத்தால் ஆறு மீற்றர் விழுந்த பொருள் செக்கனுக்கு ஏறக்குறைய 11 மீற்றர் வேகத்தில் தரையைத் தொடும். மணிக்கு 40 கிலோமீற்றருக்குக் கிட்ட, 1.1 செக்கனில். விசைக்கு வரும்போது நேரத்தை விட்டுவிட்டுத் தூரத்தைப் பிடித்தேன். மோதல் நேரத்தைப் பிள்ளை கண்ணால் காணாது, கையால் தொடாது. நிற்கும்போது முட்டை எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை அளக்கலாம். விழுந்தபோது பெற்ற சக்தி முழுவதும் நிறுத்தும் விசை செய்த வேலையாகப் போகிறது என்று எழுதினால், விசைக்கும் முட்டையின் நிறைக்கும் உள்ள விகிதம், விழுந்த உயரத்துக்கும் நின்ற தூரத்துக்கும் உள்ள விகிதத்துக்குச் சமம் என்று வரும். உயரம் பெரிது, நிற்கும் தூரம் சிறிது என்பதால் விடுபடும் சின்ன உறுப்பைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. சைன், கொசைன் ஒன்றும் இல்லாத சமன்பாடு. உயிரியல் பக்கம் தலைகள் நிமிர்ந்தன.

அடுத்த கேள்வி, முட்டை எவ்வளவு விசையைத் தாங்கும்? இதைப் புத்தகத்தில் தேடவிடவில்லை. இரண்டு பலகைக்கு நடுவே முட்டையைப் படுக்க வைத்து, பக்கவாட்டில் சரியாமல் புத்தகம் அடுக்கி, மேலே ஒரு பிளாஸ்ரிக் கலன். அளவுக் குவளையால் தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றவேண்டியது. ஒரு லீற்றர் ஏறியது, ஒன்றுமில்லை. இரண்டு லீற்றர், ஒன்றுமில்லை. "சேர், இது கல்லு முட்டை" என்றான் ஒருவன். மூன்றரையைத் தாண்டும்போது, காய்ந்த சுள்ளி முறிவதுபோல ஒரு சத்தம். பலகையின் நிறையையும் சேர்த்துப் பார்த்தால் 40 நியூற்றனை ஒட்டி வந்தது. ஒரு மில்லிமீற்றரில் பாதிகூட இல்லாத ஓடு நாலு கிலோ சீனியைத் தாங்குகிறது என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை.

இனிக் கணக்கு லேசு. 60 கிராம் பாம் (பண்ணைக் கோழி) முட்டையின் நிறை 0.6 நியூற்றன். 40 நியூற்றனுக்கு மேல் போகாமல் நிறுத்த வேண்டுமென்றால், சராசரியாகப் பார்த்தாலும் 9 சென்ரிமீற்றர் தூரம் வேண்டும். ஒரு குழு உடனே ஊர்க்கோழி முட்டைக்கு மாறியது. 45 கிராமுக்கு 7 சென்ரிமீற்றரே போதும் என்று கணக்கோடு வந்து நின்றார்கள். இது கள்ளம் என்று மற்றவர்கள் கத்தினார்கள். நான் அனுமதித்தேன். திணிவு குறைந்தால் விசை குறையும் என்பதைத் தன் கோழிக்கூட்டில் தேடிப் பிடித்தவனைத் தண்டிக்க எனக்கு மனமில்லை.

விழுத்துமுன் ஒவ்வொரு குழுவும் ஒரு தாளில் நாலு விசயம் எழுதித் தரவேண்டும்: மோதும் வேகம், நிற்கும் தூரம், சராசரி விசை, உடைந்தால் முட்டையில் எந்த இடம் உடையும். தாளை வாங்கி வைத்த பிறகுதான் மாடிப்படி ஏறலாம்.

விழுந்தவை

முதலில் பால்மா ரின். ரின்னுக்குள் உமியை அமத்தி அடைத்து நடுவே முட்டை. தாளில் நிற்கும் தூரம் 8 சென்ரிமீற்றர், விசை 45 நியூற்றன். 40 ஐத் தாண்டியிருந்தும் "மயிரிழையில் தப்பும்" என்ற குறிப்பும் இருந்தது. விழுந்தது. ரின்னுக்கு ஒரு கீறல் இல்லை, மூடிகூடக் கழரவில்லை. திறந்தால் உள்ளே கூழ்.

இந்த நிகழ்வு முழுவதிலும் நான் அதிக நேரம் செலவழித்தது இந்த ரின்னில்தான். எட்டு சென்ரிமீற்றர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். முட்டைக்குக் கீழே உமி அவ்வளவு தடிப்பு என்றார்கள். தாள்களைப் புரட்டினேன், ஏறக்குறைய எல்லோரும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். பஞ்சின் தடிப்பு, வைக்கலின் தடிப்பு, தும்பின் தடிப்பு. மெத்தை எவ்வளவு தடிப்பு என்பது வேறு, அது எவ்வளவு அமுங்கும் என்பது வேறு. இறுக்கி அடைத்த உமி அரைச் சென்ரிமீற்றர்கூட அமுங்கியிராது. அரைச் சென்ரிமீற்றர் என்றே வைத்தாலும் விசை நிறையின் 1200 மடங்கு, 720 நியூற்றன். பெட்டி பலமாக இருந்தால் உள்ளே இருப்பது பத்திரம் என்ற எண்ணம் பிள்ளைகளிடம் ஆழமாக ஊறியிருக்கிறது, பெரியவர்களிடமும்தான். ரின் நசுங்கியிருந்தால் முட்டைக்கு நல்லதாக இருந்திருக்கும் என்று சொன்னபோது அந்தக் குழுத் தலைவன் ரின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அன்றிலிருந்து தடிப்பை யாரும் எழுதக்கூடாது, அளந்த, அமுங்கிய தூரத்தைத்தான் எழுத வேண்டும் என்றாகியது. எப்படி அளப்பது? ஒரு மாணவி ஈர்க்கை எடுத்தாள். முட்டைப் பொட்டலத்தின் அடியில் ஈர்க்கின் ஒரு நுனி முட்டும். மற்ற நுனி பொதியின் அடிப்பக்க மட்டை அட்டையில் இறுக்கமான ஓட்டையால் வெளியே நீளும். களிமண் உருண்டையோடு பொதியைத் தன் கையாலேயே கீழ்நோக்கி ஓங்கிக் குலுக்கிக் காட்டினாள். உள்ளே உருண்டை எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு ஈர்க்கு வெளியே தள்ளப்பட்டு, ஓட்டையின் இறுக்கத்தால் அங்கேயே நின்றது. விழுத்தும்போது அடியில் நீண்டால் ஈர்க்கு நிலத்தில் குத்துமே என்று கேட்டதற்கு, பக்கவாட்டில் நூல் கட்டி இழுக்க வைக்கலாம் என்று அடுத்த நாள் திருத்திக்கொண்டு வந்தாள். நூல் உள்ளே இழுபட்ட நீளம்தான் நிற்கும் தூரம். ஆய்வுகூட அலுமாரியில் இப்படி ஒரு கருவி எங்களிடம் இல்லை.

வைக்கல் குழு இருவர். வைக்கல் பிரி திரித்து, அதைத் தளர்வாகச் சுற்றி ஒரு பெரிய பந்தாக்கி, நடுவில் முட்டை. தாள் கிட்டத்தட்ட வெறுமை. விழுந்த பந்து ஒருமுறை சப்பளிந்து, உருண்டு, நின்றது. முட்டையில் கீறல் இல்லை. நூல் காட்டியது 11 சென்ரிமீற்றர், அதாவது 33 நியூற்றன். கைதட்டல், கூக்குரல். பிறகு புள்ளி வந்தது, சண்டையும் வந்தது.

"எங்கடை முட்டை உடையேல்லை சேர். உடைஞ்சவங்களுக்கு எங்களைவிடக் கூடப் போட்டிருக்கிறியள்."

நியாயம் அவர்கள் பக்கமும் இருக்கிறது என்பதை மறுக்கமாட்டேன். சின்ன வயதிலிருந்து சூடு அடித்த வயலில் வைக்கல் கும்பியில் குதித்து விளையாடிய கைகள் அவை. அமுங்கும் என்பதை அவர்கள் கணக்கில்லாமலே அறிவார்கள். ஆனால் பத்து மீற்றரிலிருந்து விழுத்தினால் பந்து எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்டபோது அந்தக் கை விடை சொல்லவில்லை. தாளைத் திரும்ப எழுதித் தரலாம் என்றேன். ஒருவன் எழுதித் தந்தான், மற்றவன் இன்னும் கோபத்தில்தான் இருக்கிறான்.

குட்டான் குழுவின் கதை வேறு மாதிரி. பனங்கட்டி வரும் ஓலைக் குட்டானுக்குள் இலவம் பஞ்சு பொதிந்து முட்டையை வைத்து, பழைய சைக்கிள் ரியூப்பை வார் வாராக வெட்டி, மரச்சட்டத்தின் நடுவில் குட்டானைத் தொங்கவிட்டிருந்தார்கள். தூரம் 10 சென்ரிமீற்றர், விசை 36 நியூற்றன், தப்பும் என்று கணிப்பு. முட்டை உடைந்தது. கீழே போய் அடிபட்டு உடைந்ததென்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். கைத்தொலைபேசியில் செக்கனுக்கு 240 படம் எடுத்த காணொளியை ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தோம். குட்டான் கீழே போகிறது, இறப்பர் இழுபடுகிறது, நிற்கிறது, முட்டை முழுசாக இருக்கிறது. பிறகு இறப்பர் அதை மேலே வீசுகிறது. முட்டை குட்டானை விட்டுக் கிளம்பி மேல் சட்டத்தில் மோதுகிறது. மேலே போகும்போதுதான் உடைந்திருக்கிறது.

இந்தக் காணொளிக்கு இரண்டு பாடவேளை போயிற்று, போனது நல்லது. இறப்பரின் விசை நீட்சியோடு கூடுகிறது; சராசரி 36 என்றால் அடியில் உச்சம் அதன் இரண்டு மடங்கு, 72. அப்படியென்றால் கீழேயே உடைந்திருக்க வேண்டுமே? பலகைச் சோதனையில் விசை இரண்டு சின்னப் புள்ளிகளில் விழுந்தது. பஞ்சுக்குள் அது முட்டையின் பாதி மேற்பரப்பில் பரவுகிறது. திரும்பி எழுந்ததால் உந்த மாற்றமும் கூடுகிறது. பொதி நின்றால் மட்டும் போதாது, நின்ற இடத்திலேயே நிற்கவும் வேண்டும் என்பதை ஓர் உயிரியல் மாணவி எழுதியிருந்தாள்: "சக்தியைத் திருப்பித் தராத பொருள் வேண்டும், வைக்கல் தராது, ரியூப் தரும்." வகுப்பில் ஆகக் கூடிய புள்ளி இந்தக் குழுவுக்குத்தான்.

பரசூட் இல்லாமல் இந்தப் போட்டி நடக்குமா? உரப் பையின் உள் பொலித்தீனை 60 சென்ரிமீற்றர் விட்டத்தில் வெட்டியிருந்தார்கள். துணி தேடிய பிள்ளையிடம் அவனுடைய அம்மம்மா, சண்டைக் காலத்தில் இரவில் இறங்கும் பராவெளிச்சத்தின் குடைத்துணியில் தலையணை உறை தைத்த கதையைச் சொல்லியிருக்கிறா. கணக்கைத் திறமாகச் செய்திருந்தார்கள். 150 கிராம் பொதி, விரிந்த குடை. இறங்கும் வேகம் செக்கனுக்கு மூன்றரை மீற்றர். வெறுமனே 60 சென்ரிமீற்றரிலிருந்து விழுவதற்குச் சமம். ஒரு சென்ரிமீற்றர் பஞ்சு அமுங்கினாலே போதும். வேகத்தைக் குறைப்பது தூரத்தைக் கூட்டுவதைவிட எவ்வளவு மலிவு என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் இல்லை, ஏனென்றால் வேகம் வர்க்கமாக வருகிறது.

ஆனால் அது கச்சான் காற்றுக் காலம். குடை விரிந்தது, காற்று பிடித்தது, வட்டம் எங்கேயோ கிடக்க, பொதி ஏழெட்டு மீற்றர் தள்ளி நின்ற வேப்பமரத்தில் போய்க் கொழுவிக்கொண்டது. தரையைத் தொடாத முட்டை உடையவில்லை. பத்துப் புள்ளி உண்டா? வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. கடைசியில் ஒருவன் மரத்தில் ஏறிக் கிளையை உலுக்க, பொதி விழுந்து முட்டை உடைந்து, வழக்கும் தள்ளுபடியானது. கிடைப் பக்க வேகத்தை விட்டுவிட்டார்கள் என்பதற்குப் புள்ளி குறைத்தேன். கொடியேற்றும் கம்பத்தைப் பார்த்தாலே காற்று தெரியும்.

பொச்சு மட்டைக்குள் முட்டையை வைத்துக் கயிற்றால் வரிந்த குழுவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ரின் கதைதான்.

உப்புத் தண்ணீர்

யாரும் எதிர்பாராதது கடைசியாக வந்தது. உயிரியல் பிரிவு மாணவி ஒருத்தி, அகன்ற வாய்ப் பிளாஸ்ரிக் போத்தலில் ஆனையிறவு உப்பைக் கரைத்து, முட்டை மிதக்கவும் தாழவும் மாட்டாமல் நடுவில் நிற்கும்வரை உப்பைக் கூட்டிக் குறைத்து, காற்றுக் குமிழி ஒன்றும் இல்லாமல் நிரப்பி மூடியிருந்தாள். போத்தலின் அடியில் பன்னாடை கட்டியிருந்தது. யோசனை அப்பப்பாவுடையது: விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டுப் பதர் நீக்கும்போது, தண்ணீரின் அடர்த்தி சரியா என்று பார்க்க முட்டையைத்தான் மிதக்கவிடுவார்.

"தண்ணி அமுங்காதே, பிறகு நிற்கிற தூரம் எங்கை?" என்று கணிதப் பிரிவார் கேட்டார்கள். நல்ல கேள்வி. அவளுடைய விடை தாளில் இருந்தது. தண்ணீருக்கும் முட்டைக்கும் அடர்த்தி ஒன்றானால், போத்தல் அமர்முடுகும்போது (வேகம் குறையும்போது) தண்ணீர் முட்டையை நிறுத்தும். முட்டை போத்தலின் அடியை நோக்கி ஓடாது, எங்கேயும் முட்டாது. தள்ளும் விசை ஒரு புள்ளியில் இல்லை, ஓட்டைச் சுற்றி முழுவதும் அமுக்கமாக விழும். உள்ளே வெள்ளையும் மஞ்சளும் திரவம்தான். வெளியே அமுக்கம் கூடினால் உள்ளேயும் கூடும், ஓட்டுக்கு இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமன். உடைந்தால் எந்த இடம் என்ற கேள்விக்கு "மொட்டைப் பக்கம், காற்றறை இருப்பதால்" என்று எழுதியிருந்தாள். அங்கே மட்டும் ஓட்டுக்குப் பின்னால் திரவம் இல்லை, அமுங்கக்கூடிய காற்று இருக்கிறது.

போத்தல் விழுந்தது. மூடி வெடித்து உப்புத் தண்ணீர் முன்வரிசையில் நின்றவர்களின் வெள்ளைச் சட்டையில் அடித்தது. முட்டை முழுசாக இருந்தது. கையில் எடுத்து வெயிலில் திருப்பியபோது மொட்டைப் பக்கத்தில் மயிர்போல ஒரு வெடிப்பு. முழு வகுப்பிலும் உடையும் இடத்தைச் சரியாகக் குறித்த ஒரே தாள் அது. கணக்குப் போட்டவர்கள் முட்டையை ஒரு புள்ளித் திணிவாகப் பார்த்தார்கள்; அவள் உள்ளே காற்றறை உள்ள ஒரு பொருளாகப் பார்த்தாள்.

எந்தப் பக்கம் கீழே

முட்டையைக் கூர்ப்பக்கம் கீழே நிறுத்தித்தான் வைக்க வேண்டும், வில்வளைவு அங்கேதான் பலம் என்று பெரும்பாலான குழுக்கள் நம்பின. பாடப்புத்தகப் பரிச்சயமும் அதுதான். மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் 2025 இல் வெளியிட்ட முடிவு இதற்கு எதிர்மாறு. வெறும் 8 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து விழுத்தியபோது, நிமிர்த்தி விழுத்திய முட்டைகளில் பாதிக்கு மேல் வெடித்தன, எந்த முனை கீழே என்பது பொருட்டில்லாமல். படுக்க விழுத்தியவற்றில் பத்து வீதத்துக்கும் குறைவு. மெல்ல அமத்தி உடைக்கும்போது இரண்டுக்கும் விசை ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் படுத்த முட்டை வெடிக்குமுன் கூடுதலாக வளைந்துகொடுக்கிறது, ஆகவே கூடச் சக்தியை உள்வாங்குகிறது. இதை வகுப்பில் சொன்னதும் ரின் குழுத் தலைவன்தான் முதலில் பிடித்தான்: "அப்ப முட்டைக்குள்ளையே நிற்கிற தூரம் இருக்கு சேர்." நான் கரும்பலகையில் எழுத நினைத்திருந்த வரி அது.

அடுத்த தவணைக்கு

புள்ளித் திட்டம் அப்படியே இருக்கும். வைக்கல் குழுவின் குறையைக் கேட்டு முட்டைக்கான பங்கை இருபதாக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று முடிவெடுத்தேன், கூட்டினால் திரும்பவும் வைக்கல் பந்துகள்தான் வரும். மாற்றம் விதியில்தான்: காற்று வீசினால் கூடத்துக்குள் விழுத்துவோம், உயரம் குறைந்தாலும் பரவாயில்லை. தடிப்புக்குப் பதில் நூலால் அளந்த தூரம் கட்டாயம்.

உப்புத் தண்ணீர் மாணவி ஒரு சோதனை கேட்டிருக்கிறாள். முட்டை பழசாகப் பழசாக ஈரம் ஓட்டினூடாக வெளியேறிக் காற்றறை பெரிதாகும். அவளுடைய காற்றறை விளக்கம் சரியென்றால், அன்று இட்ட முட்டை தப்ப வேண்டும், மூன்று கிழமை வைத்த முட்டை மொட்டைப் பக்கத்தில் வெடிக்க வேண்டும். இரண்டுக்கும் அடர்த்தி வேறாகிவிடும், ஆகவே ஒவ்வொரு போத்தலிலும் உப்பைத் தனித்தனியே சரிக்கட்ட வேண்டும் என்பதையும் அவளே எழுதித் தந்திருக்கிறாள். பழைய முட்டைகளுக்காக அவள் வீட்டுக் கூட்டிலிருந்து ஒரு தட்டு, திகதி எழுதி, ஆய்வுகூட அலுமாரியில் ஏற்கனவே ஏறிவிட்டது.